காட்டுக்குப் போனவர்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண் "காட்டுக்குப் போறேன்" என்று சொன்னால் அதற்கு மூன்று பொருள் உண்டு. ஒன்று, வயல் வேலை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மானாவாரி நிலத்துக்கே காடு என்றுதான் பெயர்: சோளக்காடு, மரவள்ளிக்காடு. இரண்டு, மலையடிவாரத்துக்கு விறகுக்கோ புளிக்கோ கடுக்காய்க்கோ போவது. மூன்று, விடிவதற்கு முன்னாலோ இருட்டிய பிறகோ சொம்போடு ஒதுங்கப் போவது. எந்தக் காடு என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. நேரத்தையும் கையில் இருப்பதையும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாலாவது பொருளை நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். 'இயற்கையோடு ஒரு நாள்' என்று மின்னஞ்சல் வந்தது. சனிக்கிழமை, ஆபீஸ் பேருந்து, தருமபுரி மாவட்டத்தில் ஒரு மலையடிவாரம், மரக்கன்று நடுதல், பிறகு குழு விளையாட்டு, மதியச் சாப்பாடு. விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். விருப்பம் இல்லாதவர்கள் மேலாளரிடம் காரணம் சொல்ல வேண்டும் என்பதை யாரும் எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொந்த மாவட்டத்துக்குச் சுற்றுலாப் பயணியாக வருவது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் நான் பெயர் கொடுத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழிகள் தயாராக இருந்தன. வரிசை பிடித்து, கயிறு கட்டி அளந்து, ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டிய குழிகள். பக்கத்திலேயே எருவும் செம்மண்ணும் கலந்து குவித்திருந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் அருகில் பாலித்தீன் பையில் ஒரு கன்று. வேம்பு, புங்கன், நாவல். நாங்கள் செய்ய வேண்டியது பையைக் கிழிப்பது, கன்றை நிறுத்துவது, மண்ணைத் தள்ளுவது, சிரிப்பது. ஒரு கன்றுக்கு மூன்று பேர். அதில் ஒருவர் படம் எடுக்க.

கல்லும் சுக்கானும் கலந்த அந்த மண்ணில் இருநூறு குழி வெட்டியது யார் என்று கேட்டேன். கொஞ்சம் தள்ளி வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பெண்களைக் காட்டினார் ஒப்பந்தக்காரர். முந்தைய இரண்டு நாள் வெட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு ஏன் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்றேன். "நீங்க போன பெறகு சரியா வெக்கணும்ல" என்றார். நாங்கள் நட்டதைப் பிடுங்கி மறுபடி நடுவதற்காக அந்தப் பெண்களுக்கு அரைநாள் கூலி பேசப்பட்டிருந்தது.

அவர்களில் மூத்தவரிடம் போய் உட்கார்ந்தேன். என் பேச்சைக் கேட்டதும் "நீ எந்தூரு பாப்பா?" என்றார். சொன்னேன். "நம்ம ஊரு புள்ளையா" என்று சிரித்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி, அன்று யாரும் கேட்காத கேள்வி: "இதுக்கெல்லாம் தண்ணி யாரு ஊத்துவாங்க?"

எங்கள் பதாகையில் அதற்கு விடை இருந்தது. 'பராமரிப்பு: ஊராட்சி.' நடப்பில் இதற்குப் பொருள், நூறு நாள் வேலைப் பெண்கள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். மரம் என்பது நடுவதால் வளர்வதில்லை. வறண்ட மாவட்டத்தில் ஒரு கன்று மரமாக வேண்டுமென்றால் இரண்டு மூன்று கோடை அதைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். தண்ணீர், ஆடு மாடு வாய் வைக்காமல் முள், பாத்தி, களை. பிள்ளை பெற்றுப்போடுவதற்கும் வளர்ப்பதற்கும் உள்ள அதே வேறுபாடு. ஒன்றுக்கு விழா, மற்றதற்குப் பெயரே இல்லை. பெண்ணின் உழைப்பைப் பற்றி நாம் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருவதைக் கம்பெனிக்காரர்கள் ஒரே நாளில் நிலத்தில் செய்து காட்டிவிட்டார்கள். தொடக்கம் அவர்களுடையது. தொடர்ச்சி பெண்களுடையது.

அதிலும் அந்த நாளைப் பாருங்கள். ஜூன் முதல் வாரம், உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி. எங்கள் பக்கம் நல்ல மழை புரட்டாசி ஐப்பசியில். கம்பெனி நாட்காட்டியில் ஜூன் 5 இருக்கிறது, மழை இல்லை. நடுவில் இருக்கும் மாதங்களுக்கு ஒரு கன்றுக்கு வாரம் இரண்டு குடம் என்று குறைத்து வைத்தாலும் இருநூறு கன்றுக்கு நானூறு குடம். குடிநீரில் ஃபுளோரைடு கலந்து, பல்லில் கறையும் எலும்பில் வலியுமாகத் தலைமுறைகள் வாழ்ந்த மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல்தான் வந்தது. இங்கே ஒரு குடம் தண்ணீரின் எடை எவ்வளவு என்று பெண்ணின் இடுப்புக்குத் தெரியும்.

குழு விளையாட்டு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். கயிறு கட்டிய வட்டத்துக்குள் எல்லோரும் கைகோர்த்து நிற்க வேண்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய வேண்டும், சக ஊழியர் தாங்கிப் பிடிப்பார். நம்பிக்கை வளருமாம். இந்தக் கலையின் வரலாறு வேடிக்கையானது. ஓய்வு இடைவேளையும் வேலை நேரமும் மாறினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்க, சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1927இல் ஒரு தனி அறை அமைத்தார்கள். அந்த அறையில் வைத்து ஆராயப்பட்டவர்கள் இளம் பெண் தொழிலாளர்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று அவர்களில் இருவரை 1928 தொடக்கத்தில் வெளியேற்றி, வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு அந்த அறையின் கதை குழு உணர்வின் வெற்றிக் கதையாக மேலாண்மைப் பாடநூல்களில் ஏறியது. காட்டிலும் கடலிலும் பயிற்சி கொடுப்பது 1941இல் வேல்ஸ் நாட்டில், போர்க்காலக் கப்பல் ஊழியர்களான இளைஞர்களுக்காகத் தொடங்கிய 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியிலிருந்து வந்தது. ஒன்று கண்காணிப்பு, மற்றது உயிர் பிழைக்கும் பயிற்சி. இரண்டையும் கலந்து மேலே பச்சை வண்ணம் பூசினால் எங்கள் சனிக்கிழமை.

பேசியதற்காக வெளியேற்றப்பட்ட அந்த இரண்டு பெண்களை எனக்குப் பிடித்திருக்கிறது. பேச்சுதான் அவர்கள் தாங்களாகவே கட்டிய குழு.

"நல்லதுதானே செய்றாங்க, அதிலும் குறை கண்டுபிடிக்கணுமா?" என்று தோழிகளே கேட்கிறார்கள். சரி, நல்லதைக் கணக்குப் பார்ப்போம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி ஒரு வரம்புக்கு மேல் வருமானமோ லாபமோ உள்ள நிறுவனங்கள் தங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் ஊழியர்களின் நலனுக்கான செயல்கள் இதில் சேராது என்று 2021இல் திருத்தப்பட்ட விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஆக, எங்கள் பேருந்தும் பிரியாணியும் கயிறு விளையாட்டும் சமூகப் பணி அல்ல. அதனால்தான் அந்த நாளுக்கு மரக்கன்று தேவைப்படுகிறது. ஒரே நாள், ஊழியர்களிடம் அது உல்லாசம், ஆண்டறிக்கையில் அது பசுமை. இருநூறு கன்று நட்டோம் என்று அந்த அறிக்கை சொல்லும். எத்தனை பிழைத்தன என்று சொல்ல அதில் ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று நாங்கள் எடுத்த படங்கள் மாலைக்குள் சமூக வலைத்தளங்களில் ஏறிப் பாராட்டு வாங்கின. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணும் படம் எடுத்துக்கொள்கிறாள். 2023 ஜனவரியிலிருந்து பணியிடத்தில் நாளுக்கு இரண்டு முறை, இட விவரத்தோடு, செல்போன் செயலியில் படம் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் அவள் செய்த வேலை செய்யாத வேலை. 2024-25இல் தமிழ்நாட்டில் அதற்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அந்த வேலையில் இருப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். எங்கள் படம் செய்யாத வேலைக்குச் சான்று. அவள் படம் செய்த வேலையின் மேல் சந்தேகம்.

நாங்கள் நட்ட இடம் எது என்பதையும் அந்த ஆயாதான் சொன்னார். "இது ஆடு மேய்க்கற எடம் கண்ணு. இப்ப வேலி போட்டுட்டா எங்க ஓட்டறது?" அரசு ஆவணத்தில் அது புறம்போக்கு, கம்பெனி ஆவணத்தில் 'சீரழிந்த நிலம்'. நாலு ஆடு வைத்திருக்கும் கைம்பெண்ணுக்கு அதுதான் வங்கிக் கணக்கு. மரம் நடுவதை எதிர்த்து யார் பேசுவார்கள்? அதனால் மேய்ச்சல் நிலத்தைப் பறிக்க மரத்தைவிட நல்ல கருவி கிடையாது.

இனி மூன்றாவது காட்டுக்கு வருகிறேன். நாங்கள் ஐம்பது பேர், அதில் இருபது பேர் பெண்கள். ஏழு மணி நேரம். கழிப்பறை இல்லை. ஏற்பாட்டுக் குழுவில் இருந்தவர்களும் பெண்கள்தான் (இது போன்ற 'அலுவலகக் குடும்ப' வேலை எப்போதும் நம் தலையில்தானே விழும்), ஆனால் இடத்தை நேரில் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆண்கள். ஆண்கள் புதரோரம் போய்வந்தார்கள். நாங்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். மாதவிலக்கில் இருந்த ஒரு தோழி பேருந்தின் பின் இருக்கையில் மற்ற இருவர் துப்பட்டா பிடிக்க அணையாடை மாற்றினாள். கண்ணைக் கட்டிச் சாய்ந்து பெறும் நம்பிக்கையைவிட அது பெரிது என்று எனக்குத் தோன்றியது. திரும்பும் வழியில் இருட்டிய பேருந்தில் ஒரு மூத்த அதிகாரி புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து 'குழு உணர்வு' பேசிய விதத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பேருந்தும் பணியிடம்தான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலையின் பொருட்டுப் போகும் எந்த இடத்தையும், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. ஆபீஸுக்கு வெளியே நடந்தது, சும்மா ஜாலிக்குப் போன இடம் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து அல்ல. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அவருடைய வழக்கைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றதால் 1997இல் விசாகா வழிகாட்டுதல்கள் பிறந்தன. அதன் நீட்சிதான் 2013 சட்டம். குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து 1995இல் கீழமை நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அவருக்குக் கிடைக்காத நீதியின் நிழலில்தான் கணினி முன் உட்கார்ந்திருக்கும் நாம் இருக்கிறோம்.

அதே 1992. தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில், நாங்கள் கன்று நட்ட இடத்திலிருந்து அதிக தூரமில்லாத வாச்சாத்தி. ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வந்தவர்கள் வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். ஊரையே ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். கட்டை ஒளித்துவைத்த இடத்தைக் காட்டச் சொல்லி இளம் பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். வீடுகள் உடைக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறைக்குப் போனார்கள். பழங்குடி மக்களின் சங்கமும் மாதர் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடின. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. முப்பத்தோரு ஆண்டுகள்.

இதை ஏன் மரக்கன்றுக் கதையில் கொண்டுவருகிறேன்? வனத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில்தான் அன்று வந்தார்கள். வந்த எங்களையும் அவர்களையும் ஒன்றென்று சொல்லவில்லை, ஒப்பிடவே கூசுகிறது. ஆனால் இரண்டிலும் ஒரே எண்ணம் அடியில் ஓடுகிறது: காடு அங்கே வாழும் பெண்ணிடமிருந்து காப்பாற்றப்பட வேண்டிய ஒன்று. அவள் சுள்ளி பொறுக்கினால் குற்றம், நாங்கள் கன்று நட்டால் சேவை. அவள் காட்டுக்குள் போக அனுமதி கேட்க வேண்டும். எங்களுக்கு அனுமதியும் மோரும் காத்திருந்தன. வாச்சாத்திப் பெண்களும் ஒரு குழுதான். அடையாள அணிவகுப்பிலும் நீதிமன்றக் கூண்டிலும் முப்பது ஆண்டு ஒருத்தியை ஒருத்தி தாங்கிப் பிடித்த குழு. அதைக் கட்ட எந்தப் பயிற்சியாளரும் கயிறு கொண்டுவரவில்லை.

காட்டைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்று சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தாங்கள் வழிவழியாகக் காத்துவந்த சமூகக் காட்டைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் அங்கே வாழ்பவர்களுக்கே உரிமை என்கிறது. சிறு வன விளைபொருள் அவர்களுடையது. திருமணமானவர்களுக்குப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே தரப்பட வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். 'சுற்றுச்சூழல் நோக்கம்' உள்ள எந்தக் கம்பெனியாவது, இந்தப் பட்டாக்கள் எத்தனை பெண்கள் பெயரில் வந்திருக்கின்றன என்று கேட்டு ஒரு சனிக்கிழமையைச் செலவழிக்குமா? அதில் எடுக்கப் படம் எதுவும் இல்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது, இருக்கிறது. 1977இல் வங்காரி மாத்தாய் கென்யாவில் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம் ஏழைப் பெண்களுக்குக் கன்றுக்கு இவ்வளவு என்று சிறு தொகை கொடுத்தது. நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. இந்த ஒரு விதியில் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றுபவள் யாரோ அவள்தான் மரம் வளர்ப்பவள் என்று அது ஒப்புக்கொள்கிறது. நம் மாவட்டத்திலேயே சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993இல் வந்து தங்கிய இரு மருத்துவர்கள், அங்கிருந்த பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிறகு இயற்கை வேளாண்மைச் சங்கம் வந்தது, லம்பாடிப் பெண்களின் பூத்தையல் 'பொர்கை' என்ற பெயரில் அவர்களுடைய சொந்தத் தொழிலாக எழுந்தது. அங்கே யாரும் சனிக்கிழமை வந்து சாயங்காலம் திரும்பவில்லை.

அடுத்த ஆண்டு சித்திரையில் ஊருக்குப் போனபோது அந்த இடத்துக்கும் போனேன். பதாகையின் கம்பிகள் நின்றன, துணியை யாரோ பந்தலுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். நல்ல வேலை செய்தார்கள். வரிசைகள் தெரிந்தன, குழிகளில் காய்ந்த குச்சிகள். எண்ணியதில் பதினொரு கன்று உயிரோடு இருந்தது. எல்லாம் ஒரே ஓரத்தில், கிழக்கே, வீடுகளை ஒட்டி. ஒவ்வொன்றையும் சுற்றிச் சீமைக்கருவேல முள் வைத்திருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடிவர ஒரு சின்ன வாய்க்கால் கீறியிருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். யாரும் பெரிதாகப் பதில் சொல்லவில்லை. "கெடக்குது, ஊத்தறோம்" என்றாள் ஒரு பெண்.

ஜூன் வந்தது, மின்னஞ்சலும் வந்தது. இந்த முறை நான் பதில் எழுதினேன். முந்தைய ஆண்டு பிழைத்தவை பதினொன்று. அவற்றை வளர்த்த பெண்கள் இன்னின்ன தெருவில் இருக்கிறார்கள். கன்றுக்கும் மாதத்துக்கும் இவ்வளவு என்று மூன்று ஆண்டுக்கு அவர்களுக்குக் கூலி கொடுக்க ஒரு பேருந்து, ஐம்பது டி-சட்டை, ஒரு மதியச் சாப்பாட்டின் செலவு போதும். ஆடு மேய்க்கும் இடத்தை விட்டுவிடலாம். நாம் போகவே வேண்டியதில்லை. கழிப்பறை பற்றியும் பேருந்து பற்றியும் தனியாக எழுதி, உள்ளகப் புகார்க் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்; பேருந்து பற்றிய பகுதிக்குக் கீழே என் பெயரோடு அந்தப் புதுப் பெண்ணின் பெயரும், அவள் விருப்பத்தோடு.

முதல் கடிதத்துக்கு ஒரு புன்னகைப் பொம்மையும் 'அருமையான யோசனை, பரிசீலிக்கிறோம்' என்ற வரியும் வந்தன. அந்த ஆண்டு அவர்கள் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனார்கள். இரண்டாவது கடிதத்தின் மேல் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.